வயிற்று வலியை உரக்கச் சொன்ன ஸ்டெல்லா

காலை ஷிப்டுக்குப் போகும் வேன் வல்லக்கோட்டையைத் தாண்டியபோது ஸ்டெல்லாவின் மகள் அழைத்தாள். "அம்மா போய்ட்டாங்க, அத்த." என் முகத்தைப் பார்த்தே வேனில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரகடம் தொழிற்சாலையில், கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் நானும் ஸ்டெல்லாவும் பல ஆண்டுகள் அடுத்தடுத்து நின்றோம். அவருடன் வேலை செய்தவர்களுக்கு அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லப் பேச அவருக்குத் தெரியாது.

ஒருநாள் லைனில் நிற்கும்போதே எனக்கு வலப்பக்க அடிவயிற்றில் சுரீரென்று வலி, கூடவே வாந்தி. "மாசாமாசம் வர்றதுதானே, மாத்திரை போடுங்க" என்றார் சூப்பர்வைசர். "அதுக்கு இப்பிடியா சார் சுருண்டு கெடப்பா? வண்டிய எட்க்கச் சொல்லுங்க" என்று கத்தினார் ஸ்டெல்லா. நீர்க்கட்டி இருந்த சினைப்பை முறுக்கிக்கொண்டது ஸ்கேனில் தெரிந்தது. அன்றே அறுவை சிகிச்சை செய்து சினைப்பையைக் காப்பாற்றினார்கள். என் மகன் அதற்குப் பிறகு பிறந்தவன்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த மலர், தாடையில் முளைத்த முடியைத் துப்பட்டாவால் மூடியபடியே வேலைக்கு வருவாள். நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பதை அழுதுகொண்டே சொன்னாள். "பல்லு வலிச்சா சொல்ற, இத்த சொல்ல இன்னா வெக்கம்?" என்று கேட்டு, ஸ்டெல்லாவே டாக்டரிடம் கூட்டிப்போனார். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு என்றார்கள். பலருக்கும் இருப்பதுதான், கவனித்தால் கட்டுக்குள் வைக்கலாம் என்றதும் மலர் துப்பட்டாவை இறக்கினாள்.

மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் கழித்து, ஸ்டெல்லாவுக்குச் சாப்பாடு குறைந்தது. "ரெண்டு வாய் துன்னாலே ரொம்பிடுதுடி. கேஸு" என்பார். வயிறு உப்பிக்கொண்டே போனது. அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினார். ஸ்கேன் எடுத்தபோது சினைப்பைப் புற்று வயிற்றுக்குள் பரவியிருந்தது. ஆரம்பத்தில் இது வாயுத் தொல்லை மாதிரிதான் இருக்கும் என்றார் டாக்டர்.

கடைசியாகக் குன்றத்தூர் வீட்டில் பார்த்தேன். கீமோவில் முடி போயிருந்தது, குரலும் உள்ளே போயிருந்தது. குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"வலிக்கவே இல்லடி, அதான் ஏமாந்துட்டேன். ரெண்டு மூணு வாரமா வயிறு உப்பிக்கினே கீதுன்னா போய்க் காட்டச் சொல்லு. வேன்ல சொல்லு. கத்திச் சொல்லு."

மறுநாள் வேனில் எழுந்து நின்று சொன்னேன். டிரைவர் பாட்டை நிறுத்தினார். இறங்கும்போது இரண்டு பெண்கள் தனியாக வந்து பேசினார்கள்.

கூச்சமில்லாமல் பேசும் அந்தத் துணிச்சல்தான் ஸ்டெல்லாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொள்கிறேன். ஆனாலும், அவரே இருந்திருக்கலாம்.