சின்ன மாமா வரைந்த கச்சேரி

சின்ன மாமா ஒரு கச்சேரியைப் பலகையில் படமாக வரைந்தார். அதில் பாடகரும் இல்லை, மேடையும் இல்லை. துறைமுகத்துத் தண்ணீரின் மேல் யானை நடக்கும். மானின் கொம்புகளுக்கிடையே வயலின் தந்திகள் கட்டியிருக்கும். கிண்ணியாவுக்குப் போகும் படகு ஆட்களோடு வானத்தில் போகும். அந்தப் பலகையை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

மாமா அம்மாவின் தம்பி. கப்பல்களின் துருவைச் சுத்தியலால் தட்டி எடுத்துப் பெயின்ற் அடிக்கிற வேலை. மிஞ்சிய பெயின்ற்றைத் தகரப் பேணிகளில் கொண்டுவருவார். ஞாயிறு பின்னேரம் வானொலியில் கச்சேரி தொடங்கியதும் பலகைக்கு முன்னால் கதிரையைப் போடுவார். என்ன போகிறது என்று நான் அவருக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். வெளியாட்களிடம் வாய் திறக்காத எனக்கு அது பெரிய உத்தியோகம்.

“இப்ப என்ன போகுது, பிள்ளை?”

“மிருதங்கம், மாமா. யானை நடக்கிற மாதிரி.”

யானை வந்தது அப்படித்தான்.

ஒரு ஞாயிறு, கச்சேரி பாதியில் இருக்கும்போது கரண்ட் நின்றது. வானொலிப் பெட்டி மாமாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் வழக்கம்போல, “இப்ப என்ன போகுது?” என்று கேட்டார். கவனிக்கவில்லையாக்கும், கொஞ்சம் ஏய்த்துப் பார்ப்போம் என்று, புல்லாங்குழல் என்றேன்.

“அது எப்படிப் போகுது?”

“கடலுக்குள்ள மரம் முளைக்கிற மாதிரி.”

மாமா தலையை மெல்ல ஆட்டி, காலால் தாளம் போட்டபடி அலைகளுக்கு நடுவில் ஒரு மரம் வரைந்தார். காய்களுக்குப் பதில் சின்னச் சின்னத் தோணிகள். படத்தில் அதுதான் எல்லாவற்றிலும் வடிவு.

சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாமாவின் பின்னால் நின்று, “தம்பி” என்று கூப்பிட்டார். இன்னொரு முறை, பலமாக. மாமாவின் கால் தாளத்தை விடவில்லை.

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துப்போனார்.

“இதை ஒருத்தரிட்டயும் கதைக்கக் கூடாது. மாமாட வேலை போயிடும்.”

ஒரு பொய்ப் பாட்டுக்குப் படம் வரைந்ததற்காகவா ஒருவரை வேலையால் நிறுத்துவார்கள்? ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து, ஒலித்ததை மட்டும் ஒன்றுகூட விடாமல் மாமாவுக்குச் சொன்னேன்.

கிரேனுக்குக் கீழே நின்று வேலை செய்கிறவருக்குக் காது கேட்க வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.