கரண்ட் வரவில்லை என்ற புகார்

"தம்பி, மிஷின் ரோசாக் லா. கரண்டே வரல."

புக்கிட் செலம்பாவிலிருந்து கோவிந்தன் அண்ணன் ஃபோனில் இப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கெட்டுப்போன மிஷின் என்றால் எனக்கு வேலை தெரியும். ஒழுங்காக ஓடுகிற மிஷின்தான் தொல்லை. அது என்ன செய்கிறது என்று விளக்க வேண்டிவரும்.

மலேசியாவின் சுங்கை பட்டாணியில், உடம்பில் கரண்ட் விட்டு வலி போக்கும் எலெக்ட்ரோமெடிசின் கருவி விற்கும் கம்பெனி ஒன்றில் நான் அப்போது டெக்னிக்கல் அட்வைசர். அதற்கு முன் டிவி ரிப்பேர். ஜனங்கள் டிவியைப் பழுது பார்ப்பதை நிறுத்தியதும், அவர்களுடைய முழங்காலுக்கு மாறினேன். கம்பெனி ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு எஸ்டேட் பக்கம் போனால் நாய்கூடச் சற்று மரியாதையாகக் குரைக்கும்.

எங்கள் பாஸ் விற்பனைக் கூட்டங்களில் பேசுவது இவ்வளவுதான்: "ஒடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு பேட்டரி. வோல்டேஜ் எறங்கினா வியாதி. நம்ம மிஷின்தான் சார்ஜர்."

முதல் வரியில் பெரிய பொய் இல்லை. செல்லின் சவ்வுக்கு இரு பக்கமும் மின்னழுத்த வேறுபாடு உண்டு. நரம்புச் செல்லில் எழுபது மில்லிவோல்ட் பக்கம். காயத்தின் ஓரத்தில் மெல்லிய மின்னோட்டம் இருப்பதும், காயம் ஆறுவதில் அதற்குப் பங்கு இருப்பதும் புத்தகங்களில் உள்ளவைதான். நானும் படித்திருக்கிறேன். அங்கிருந்து சார்ஜர் வரை போகத்தான் பாலம் கிடையாது. பாஸ் தாண்டிவிடுவார். பின்னால் போகிற நான் நடுவில் விழுந்துவிடுவேன். எங்கள் மிஷின் தோலில் ஒட்டிய பேட் வழியாக நரம்பைச் சுரண்டும். வலி கொஞ்ச நேரம் மறக்கும். அவ்வளவே.

கோவிந்தன் அண்ணன் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். பல வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. நான் போனபோது வலது பாதத்தில் இரண்டு பேட்களைப் பிளாஸ்டரால் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி சரோஜா அக்கா எனக்குத் தேத்தண்ணி வைத்தார்.

"எந்த லெவல்ல வெச்சிருக்கீங்க அண்ணே?"

"பத்து. அதுக்கு மேல நம்பர் இல்லையே லா!"

நான்காம் லெவலிலேயே பெற்ற தாயைக் கூப்பிடுவார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன்; அவுட்புட் சரியாக இருந்தது. மீட்டரை நம்பாமல் புது பேட்களை என் முன்கையில் ஒட்டித் திருகினேன். நான்கைத் தொட்டதும் விரல்கள் தாமாக ஆடின. தேத்தண்ணி மடியில் கொட்டியது.

"ஐயோ தம்பி, கரகம் ஆடுறீங்க!" என்று அக்கா சிரித்தார்.

"பாத்தியா, அவருக்கு மட்டும் வருது," என்றார் அண்ணன். "மிஷினுக்கு என்னைப் புடிக்கல."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் கணக்குப் போட்டேன். மிஷின் நன்றாக இருக்கிறது. வயர் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது அந்தக் கால் ஒன்றுதான்.

"காலைக் காட்டுங்க அண்ணே."

"காலுக்கு என்ன? இந்த வருஷம் தீமிதியில சுடவே இல்ல தம்பி. எத்தனையோ வருஷமா எறங்குறேன், இப்படி ஒரு வருஷம் இல்ல. ஆத்தா அருள்!"

பிளாஸ்டரைப் பிரித்தேன். பேட்டின் பசை காய்ந்துபோய் ஒரு மூலை மட்டும் ஒட்டியிருந்தது. மொத்தக் கரண்டும் அந்த மூலை வழியாகவே போயிருக்கிறது. அங்கே பத்து சென் காசு அளவுக்குத் தோல் வெந்திருந்தது. அதுகூடப் பெரிதில்லை. கட்டை விரலுக்குக் கீழே, தடித்த தோலுக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்தது. ஓரத்தை லேசாக அழுத்தினேன். ஈரம் கசிந்தது. நாற்றம் வந்தது.

"என்னா தம்பி, இன்னும் தொட்டுப் பாக்கலையா?" என்றார். என் விரல் அங்கேயேதான் இருந்தது.

வெளியே வந்து பாஸுக்கு ஃபோன் போட்டேன். புண்ணைச் சொன்னேன்.

"புண்ணா? அப்ப பெரிய மாடலைக் காட்டு. ஹாஸ்பிட்டல் போனா வெட்டிடுவான்னு சொல்லு, வாங்கிடுவாங்க."

"லைன் சரியில்ல பாஸ்," என்று வைத்துவிட்டேன். என் வாழ்நாள் வீரம் அந்த ஒரு வரியில் முடிந்தது.

உள்ளே போய், "ஹாஸ்பிட்டல் போவோம் அண்ணே, இப்பவே," என்றேன்.

"எதுக்கு? பக்கத்து வீட்டு மாரிமுத்து அங்க போறப்ப ரெண்டு கால், வர்றப்ப ஒன்னு. தெரியும்ல?" அவர் முகம் மாறியது. "நீங்க என்ன டாக்டரா? கையில ஸ்க்ரூடிரைவர வெச்சுக்கிட்டு ஆத்தாவையே சந்தேகப்படுறீங்களா?"

வெள்ளைக் கோட்டில் தேத்தண்ணிக் கறையோடு நின்றேன். இன்னும் சில நாள் இப்படியே விட்டால் விரலோடு நிற்காது, பாதமே போகும், காலும் போகலாம் என்பது தெரியும். அதை அவர் நம்பும்படி சொல்லத்தான் தெரியவில்லை.

அக்காதான் பேசினார். சிரிப்பு போயிருந்தது.

"ஆத்தா காப்பாத்துனா சரி. போன வாரம் செருப்பைத் தாண்டி ஆணி ஏறிச்சே, அது என்னா? வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் ரத்தக் காலடி. தொடைச்சுக்கிட்டு இருக்கேன், நீங்க சேர்ல ஒக்காந்து, 'யாரு ரத்தம்டி இது'ன்னு என்னையே கேட்டீங்க."

அண்ணன் தன் பாதத்தை யாரோ மறந்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"காடிய எடுங்க தம்பி," என்றார் அக்கா, வாசலில் நின்ற என் காரைக் காட்டி.

ஹாஸ்பிட்டலில் ஒரு இளம் தமிழ் டாக்டர். நைலான் இழை பொருத்திய சின்னக் குச்சியை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க அங்கிள். நான் தொடுறப்பல்லாம் சொல்லுங்க."

அண்ணன் கண்ணை மூடி, பரீட்சைக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் குதிகாலில் தொட்டார், நடுப்பாதத்தில், ஒவ்வொரு விரலாக. ஒவ்வொரு முறையும் இழை வளைந்தது. அண்ணன் வாய் திறக்கவில்லை. அக்கா அவருடைய செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. டாக்டர் முடித்துக் குச்சியைக் கீழே வைத்தார்.

"நான் ரெடி டாக்டர்," என்றார் அண்ணன், கண்ணை மூடியபடியே. "ஆரம்பிங்க."

இரண்டு விரல்களை எடுத்தார்கள், பாதம் தப்பியது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சுரீரென்கிறது என்று கத்துகிறவர் வீட்டில் தைரியமாக மிஷினைத் திறக்கலாம். ஒன்றுமே தெரியவில்லை என்று சிரிக்கிறவரிடம் முதலில் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் மறுத்தால், வாதம் செய்யாதீர்கள். வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுங்கள்.