மறைவுத் தேதி இல்லாத பேனர்

போன வருடம் பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, திருச்சுழிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் நடந்தது இது. கண்மாய் என்றதும் தண்ணீரை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் மாசி பாதியிலேயே வற்றிவிடும். அதற்குப் பிறகு அடுத்த மழை வரை அதுதான் எங்கள் கால்பந்து மைதானம்.

சுற்றுவட்டாரத்திலேயே பழைய கால்பந்துக் கழகம் எங்களுடையது. கபடியைத் தவிர வேறு விளையாட்டு தெரியாத காலத்தில், தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன எங்கள் ஊர்க்காரர் ஒருவர், அங்கே விளையாடுவதைப் பார்த்துவிட்டு ஒரு தோல் பந்தோடு ஊர் திரும்பினாராம். கழகத்தை ஆரம்பித்தவர் அவர். முதல் கோல்கீப்பரும் அவர்தான். அதற்கு மேல் அவரைப் பற்றி எங்கள் வயதுக்காரர்களுக்கு எதுவும் தெரியாது.

அந்த வருடம் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். முதியோர் பென்ஷன் மனு, பயிர்க் காப்பீட்டுப் படிவம் என்று ஊரில் எழுத வேண்டியதெல்லாம் என்னிடம்தான் வரும். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று ஊர் நம்பியது. ஊரைவிட நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன்.

கழக அறையின் சாவி கைக்கு வந்த அன்று, சுவரில் அந்த முதல் கோல்கீப்பரின் படத்தைப் பார்த்தேன். ஒல்லியான, உயரமான மனிதர். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. இடுப்போடு அணைத்த பந்து. படத்தில் ஒரு காய்ந்த செவ்வந்தி மாலை தொங்கியது. கண்ணாடியில், நெற்றிக்கு நேரே, சந்தனமும் குங்குமமும் இருந்தன. நம் வீடுகளில் இப்படி ஒரு படம் இருந்தால் அதற்கு மேல் விசாரிப்போமா?

ஆனாலும் டீக்கடையில் ஒருவரிடம் கேட்டேன். "அவரா? ஊரை விட்டுப் போயி இருவது வருசம் இருக்கும். இருக்காரோ என்னமோ" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வருடப் போட்டிக்கு அவர் பெயரில் நினைவுச் சுழற்கோப்பை வைப்பதென்று முடிவெடுத்தேன். கழகத்தைத் தொடங்கியவரையே மறந்துவிட்டோமே என்று கூட்டத்தில் நான் பேசியபோது எல்லோரும் கை தட்டினார்கள். கோப்பையில் பெயரும் பொறித்தாகிவிட்டது. பேனர் அடிக்க அருப்புக்கோட்டைக்குப் போனேன். படத்தைச் சுற்றி மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘மறைந்தும் மறையாத எங்கள் முதல் கோல்கீப்பர்’. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, தோற்றம், மறைவு தேதி சொல்லுங்க" என்றார்.

"அது வேண்டாம், சும்மா விடுங்க" என்றேன்.

ஒருவர் எப்போது இறந்தார் என்று தெரியாமல் இறந்துவிட்டார் என்று மட்டும் எப்படி எழுதினேன்? மூன்று பேனர் அடித்தோம். ஒன்று ஊர் முகப்பில், ஒன்று திருச்சுழியில், ஒன்று தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடியில். கடைசியாகச் சொன்ன பேனரைச் சனிக்கிழமை பொழுது சாயும்போது கட்டிவிட்டு வந்தோம்.

ஞாயிறு காலை. முதல் ஆட்டத்துக்கு இரண்டு அணிகளும் இறங்கிவிட்டன. நான் மைக்கைப் பிடித்து மறைந்தவரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கண்மாய்க் கரை மேல் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. முன்பக்கம் இருந்து ஓர் அம்மாள் இறங்கினார். எழுபது வயதிருக்கும். கக்கத்தில் சுருட்டிய பேனர். கட்டிய கயிறு இன்னும் அதில் தொங்கியது. நேராக மைதானத்தின் நடுவே நடந்து வந்தார்.

"எவன்லே இங்க செயலாளரு?"

நான்தான் என்று சொல்வதற்குள் பேனரை என் காலடியில் விரித்துவிட்டார்.

"நல்லாப் பாரு. என் நெத்தியில பொட்டு இருக்கா? கழுத்துல தாலி இருக்கா? பெறகு யாரைக் கேட்டுலே என் வீட்டுக்காரருக்கு வெளக்கு ஏத்துன?"

அப்போதுதான் அவருக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது, அவ்வளவுதான். அந்த உயரம், அந்த நீண்ட கைகள், அப்படியே படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி. கையிலிருந்த மைக்கை அணைக்காமல் இருந்ததால் நான் "ஐயோ" என்றது கண்மாய் முழுவதும் கேட்டது.

எங்கள் அணித்தலைவர் டிப்பர் லாரி ஓட்டுபவர். என் வயதுதான். ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, நீ விசாரிச்சிருப்பேன்னுதான நாங்க கை தட்டுனோம். எதை வெச்சுலே இவுகளைச் செத்துட்டாகன்னு எழுதுன?"

"படத்துக்கு மாலை போட்டிருந்துச்சே..."

"அது ஆயுத பூசை மாலைலே! நாந்தான் போட்டேன். பம்புக்கும் போட்டேன், வலைக்கும் போட்டேன். பம்புக்கு என்னைக்குலே கருமாதி?"

சுற்றி நின்ற இரண்டு அணிகளும் சிரித்தன. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டதும் மற்றவர்களின் சிரிப்பும் நின்றது.

அவர்கள் பந்தல்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். வருகிற மாதம் பேத்திக்குப் பரிசம் போடுவதாகப் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடு குமாரலிங்கபுரம் பக்கம். மாப்பிள்ளையின் அப்பா விடியற்காலையில் லோடு ஏற்றிக்கொண்டு பந்தல்குடி வழியாகப் போகும்போது பேனரைப் பார்த்திருக்கிறார். உடனே போன் வந்திருக்கிறது.

"வீட்டுல சாவு விழுந்த கேதத்தை மறைச்சுக்கிட்டா எங்ககிட்ட சம்பந்தம் பேசுறீகன்னு கேட்டுட்டு வச்சிட்டாரு. பெறகு எத்தனை தடவை போட்டும் எடுக்கல. புள்ள அங்கன அழுதுக்கிட்டுக் கெடக்கு. இவுகளப் பாரு, பால் வாங்கப் போனவுக ரோட்டுல நின்னு படத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்காக!"

"பழைய படம் நல்லாத்தான இருந்துச்சு" என்றார் பெரியவர். அன்று அவர் பேசிய முதல் பேச்சு அது.

என் எழுத்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுவில் தப்பு வந்தால் அடித்து எழுதலாம். இதை எங்கே அடித்து எழுதுவது? "ஆத்தா, இப்பவே அய்யாவை வீடியோ எடுத்து அவுகளுக்கு அனுப்பிருவோம்" என்றேன்.

"போட்டோவ வெச்சுத்தான சாகடிச்ச? இப்ப போட்டோவ வெச்சே உசிரு குடுக்கப் போறியா? பேனரைச் சுருட்டிக்கிட்டு என்கூட வந்து, எழுதுன நீயே உன் வாயால அவுக வாசல்ல சொல்லு."

அன்று நான் செயலாளராக நடத்தும் முதல் போட்டி. எட்டு அணிகள். இருந்தாலும் விசிலையும் பட்டியலையும் அணித்தலைவரிடம் கொடுத்துவிட்டுப் பேனரைச் சுருட்டினேன். அது ஒன்றுதான் அன்று நான் யோசிக்காமல் செய்த சரியான காரியம்.

அதற்குள் பெரியவர் கோல் கம்பத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். வழியில் குனிந்து, கரிசல் வெடித்திருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இப்பல்லாம் கிடை போடுறதில்லையா?"

"ரோலர் உருட்டுறோம்யா" என்றார் அணித்தலைவர்.

"அதான் வெடிச்சுக் கெடக்கு. தண்ணி வத்தி, சகதி இறுகுற பக்குவத்துல ராத்திரிக்கு ஆட்டை அடைச்சுக் கிடை போடணும். ஆயிரம் காலு மிதிச்சா வெடிக்காது. காலு முறியாம வெளையாடலாம்."

"கிடைக்காரங்களுக்கு யாரு ஆக்கிப் போட்டான்னும் சேத்துச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள் பின்னாலிருந்து. "கல்யாணமாகி வந்த வருசம். வயக்காட்டுல கிடை போட்டா வெள்ளாமையாவது வரும். தண்ணியில்லாத கம்மாயில போடச் சொல்லிட்டு, பத்துப் பேருக்கு என்னைய ஒலை வைக்கச் சொன்ன மனுசன்."

நாங்கள் தினமும் ஓடிய தரை எப்படி வந்தது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்றார்.

"போறதுக்கு முன்ன ஒரே ஒரு பந்து. என்னையக் கொன்னவனே அடிக்கட்டும்."

நான் பந்தை வைத்துவிட்டு, கிழவர் விழுந்துவிடக் கூடாதே என்று மெதுவாகத் தட்டினேன். அதைக் காலால் நிறுத்தி எனக்கே திருப்பி உருட்டினார்.

"ஏலே, பொணத்துக்கு அடிக்கிற மாதிரி அடிக்காத. அடி!"

இந்த முறை உண்மையாகவே அடித்தேன். பந்து இடது மூலையில் உள்ளே போனது. கை நீட்டினார், எட்டவில்லை. வலையையும் கிழித்துக்கொண்டு பந்து கரைப் பக்கம் கருவேல முள்ளுக்குள் ஓடிவிட்டது. யாரும் அசைவதற்கு முன் அவரே போனார். முள்ளை விலக்கிப் பந்தை எடுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். வலை இல்லாத காலத்தில் தானே ஓடிப் பந்தை எடுத்து வந்த கோல்கீப்பர் அல்லவா! கண்மாய் முழுக்க விசில் பறந்தது. அணித்தலைவர் அதையெல்லாம் படமெடுத்து, அந்த அம்மாளிடம் எண் வாங்கி, குமாரலிங்கபுரத்துக்கு அனுப்பிவிட்டார்.

லோடு ஆட்டோவின் பின்னால், மடியில் பேனரோடு நான் உட்கார்ந்து போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நான் இறங்கிப் பேனரைத் தரையில் விரித்தேன். "இதை எழுதினது நான். இவுக வீட்டுல யாருக்கும் தெரியாது. விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நீண்ட பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை.

அவர் குனிந்து பேனரை மேலிருந்து கீழ் வரை படித்தார். "மறைவுத் தேதி எங்க?"

"தெரியாதுங்க. அதான் போடலை."

"தேதிகூடத் தெரியாமத்தான் கொன்னியா தம்பி?" என்றவர், என்னைத் தாண்டிப் பெரியவரைப் பார்த்தார். இறுகியிருந்த முகம் மெல்ல இளகியது. "வீடியோ பாத்தேன் மாமா. ஒரு பந்தையும் பிடிக்கக் காணோமே?"

"மொதப் பந்தை நிறுத்துனேனே, அதை எடுக்கலையா அந்தப் பய?" என்றார் பெரியவர்.

"உள்ள வாங்க" என்றார் அவர். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு உள்ளே போனார். பரிசம் குறித்த நாளிலேயே நடந்தது. எனக்கும் சாப்பாடு போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். கோப்பையை யார் கொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. அந்த அம்மாள்தான் கொடுத்தார். கொடுப்பதற்கு முன், அதில் பொறித்திருந்த ‘நினைவு’ என்ற வார்த்தையைச் சுரண்டி எடுக்க நான் சாவியால் போராடிக்கொண்டிருந்தேன். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அழிக்காதலே. என்னைக்கின்னாலும் வேணும்ல? அதுவரைக்கும் மறைச்சு வை."

அந்த வார்த்தையின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன். கழக அறையில் அவர் படத்துக்குப் பக்கத்தில் இப்போது இருவருமாக இருக்கும் படம் ஒன்று மாட்டியிருக்கிறோம். இந்த வருடம் ரோலர் கிடையாது, கிடைதான். பக்குவம் பார்க்க அவரே வந்தார்.

இப்போதும் யார் மனு கொண்டு வந்தாலும், பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் அவர்களைப் பேசவிட்டுக் கேட்கிறேன். வெயிலுக்கு அந்த ஸ்டிக்கரின் ஓரம் அடிக்கடி பிரிந்துகொள்கிறது. நான் படித்த படிப்புக்கு ஊர் கொடுத்த பெரிய பொறுப்பு அதுதான் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் பசை தடவி நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு வருகிறேன்.