தண்ணீர் ஊற்றச் சொன்னது நான்தான்

ஒரு மனிதரின் இரண்டு கண்களும் போனதற்கு நான்தான் காரணம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும்.

தெரியாமல் செய்த தவறு என்று நீங்கள் என்னை மன்னிக்கப் பார்க்கலாம்... அவசரப்படாதீர்கள்! தெரியாமல் இருந்தது ஒரு பகல் பொழுதுதான். மாலைக்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் அப்பாவுக்குச் சாயக் கடை. நான் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, தடய அறிவியல் கூடம் ஒன்றில் எப்படியாவது நுழைந்துவிடத் துடித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் லிட்மஸ் தாள்! எந்தத் திரவத்தைக் கண்டாலும் முக்கிப் பார்க்கும் கிறுக்கு.

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போலீஸ் ஒரு லாரியை மடக்கியது. பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு அடியில் போதைத்தூள் பொட்டலங்கள். கூடவே லேபிள் சுரண்டிய நான்கு பிளாஸ்டிக் கேன்கள். தூளை மதுரை அதிகாரிகள் கொண்டுபோனார்கள். கேன்களுக்கு ஜீப்பில் இடமில்லை. திருச்சுழி அருகே ஒரு ஸ்டேஷனின் பின்கொட்டகையில் அவற்றைப் போட்டுவைத்தார்கள். அவற்றில் ஒன்று, பாதிக்கும் குறைவாக இருந்தது, மூடி வழியே கசிந்தது. காவலர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அலைய, எங்கள் கடைக்கு வந்துபோகும் எஸ்.ஐ. எனக்கு ஆள் அனுப்பினார்.

கொட்டகையைத் திறந்துவிட்டவர் ஏட்டு மாரிச்சாமி. ஓய்வுக்குச் சில வருஷங்களே மிச்சமிருந்த மனிதர்.

"வாங்க கெமிஸ்ட்ரி. இன்னைக்கு ஒங்க மூக்க நம்பித்தான் ஸ்டேஷனே இருக்கு" என்று சிரித்தார்.

குனிந்து முகர்ந்தேன். புளித்த காடியின் வாசனை. தாளைக் காட்டினேன், சிவந்தது. அசிட்டிக் ஆசிட்! எங்கள் கடையில் தினமும் புழங்குவதாயிற்றே!

"சாயப் பட்டறை ஆசிட்தான் ஏட்டையா. தண்ணிய ஊத்தி மூடிய நல்லா இறுக்கிருங்க. நெடி அடங்கிரும்."

எங்கள் கடையில் அப்படித்தான் செய்வோம். நெடி மிஞ்சினால் கேனில் தண்ணீரை ஊற்றி இறுக மூடி ஓரமாக வைத்துவிடுவோம். ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை.

ஆனால் இந்த நெடி கொஞ்சம் அதிகமாகவே குத்தியதே... கண்ணில் நீர் கொட்டியதே... ஒரு கணம் சந்தேகம் தட்டியது உண்மை. அதற்குள் எஸ்.ஐ. எல்லோர் முன்பும் என் தோளில் தட்டி, மதுரைத் தடய அறிவியல் கூடத்தில் தெரிந்தவருக்கு என் வேலைக்காக லெட்டர் எழுதித் தருகிறேன் என்றுவிட்டார். சந்தேகத்தை விழுங்கிக்கொண்டேன்!

அன்று ஸ்டேஷனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாள் தண்ணீர் லாரி வந்ததும் ஊற்றிவிடுவதாக ஏட்டையா சொன்னார்.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தபோது விரல் எரிந்தது. கேன் மூடியைத் தொட்ட விரல். தோல் வெளுத்து உரிந்துகொண்டிருந்தது. கல்லூரிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆசிட் அல்ல, அதற்கு அண்ணன். அசிட்டிக் அன்ஹைட்ரைடு. வாசனை ஏறக்குறைய அதேதான். தண்ணீர் சேர்ந்தால் முதலில் சும்மா கிடக்கும்; பிறகு கொதிக்கும். இறுக மூடிய கேனுக்குள் என்றால்...

டெலிபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரிசீவரை எடுத்தேன். என்ன சொல்வது? நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றா? எஸ்.ஐ.யிடமா? அந்த லெட்டர் என்னாகும்?

ரிசீவரை வைத்துவிட்டேன்.

தண்ணீர் லாரி மத்தியானத்துக்கு முன் வராது, காலையில் நேரில் போய் நைசாகச் சொல்லிச் சமாளிக்கலாம்... என்னமாய் யோசித்தது என் மூளை! மறுநாள் முதல் பஸ்ஸையும் வேண்டுமென்றே விட்டேன். அந்த நேரத்தில் எஸ்.ஐ. ஸ்டேஷனில் இருப்பார். ஏட்டையா மட்டும் இருக்கும் நேரம் பார்த்து, ஒன்பது மணி பஸ்ஸில் போனேன்.

இறங்கியபோது ஸ்டேஷன் வாசலில் கூட்டம்.

ஏட்டையா லாரிக்குக் காத்திருக்கவில்லை. பாரா நின்ற காவலர் இருமி இருமி வாந்தியெடுத்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல், தன் வீட்டிலிருந்து ஒரு குடம் குடிதண்ணீரைத் தூக்கி வந்திருக்கிறார். அவர் மனைவி வரிசையில் நின்று பிடித்த தண்ணீர். ஊற்றி, நான் சொன்னபடியே மூடியை இறுக்கியிருக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லையாம். பிறகு கேன் உப்பியதாம். என்னவென்று குனிந்து பார்த்திருக்கிறார்...

கேன் வெடித்து, கொதித்தது முழுக்க அவர் முகத்தில்.

பத்தாம் நாள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள்... இல்லை, நம்ப வேண்டாம்! முகம் முழுக்கக் கட்டு. என் குரல் கேட்டதும் கையை நீட்டித் தேடினார்.

"தம்பி, மூடச் சொன்னீகளா, மூட வேண்டாம்னீகளா? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். பிடிபட மாட்டேங்குது."

எவ்வளவு சின்னக் கேள்வி! ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம்.

"மூட வேண்டாம்னுதான் சொன்னேன் ஏட்டையா."

நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். பிறகு, "அப்ப எம் புத்திதான் கெட்டுப்போச்சு. ஒங்க மேல சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக" என்றார்.

அவருக்கு மெமோ வந்தது. கைப்பற்றிய சரக்கை யாரைக் கேட்டுத் தொட்டாய் என்று. என்னைக் கூப்பிட்டதாகவே எஸ்.ஐ. காட்டிக்கொள்ளவில்லை. பதில் எழுதித் தர ஏட்டையா என்னைத்தான் அழைத்தார். ஒங்க பேரை இழுக்க வேண்டாம் தம்பி, சின்ன வயசு என்றார். 'யாருடைய ஆலோசனையும் இன்றி, என் சொந்தக் கவனக்குறைவால்' என்று எழுதினேன். நல்ல தமிழில், அடித்தல் திருத்தல் இல்லாமல்! கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்ததும் நான்தான்.

அந்த வரியைக் காட்டியே வேலையைவிட்டு எடுத்தார்கள். உத்தரவு வந்த அன்றும், படித்துச் சொல்ல எனக்குத்தான் ஆள் வந்தது. அவரும் அவர் மனைவியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் என் வாக்கியம் வந்தது, ஓர் எழுத்து மாறாமல்.

குரல் தடுமாறவில்லை... கடைசி வரிவரை படித்துக் காட்டினேன்.