தங்கைக்கு வைத்த மூன்று பெயர்கள்

என் தங்கை ஜப்பானியர் காலத்தில் மலாக்காவில், காஜா பேராங்கில் பிறந்தாள். அப்பா அவளுக்கு ஹருகோ என்று பெயர் வைத்தார்.

அப்பா ஜப்பானிய அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. அங்கிருந்த மூன்று தமிழ்க் கிராணிகளில் ஒருவரைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு அடிபட்டது. போனவர்கள் யாரும் கடிதம் போட்டதில்லை. அப்பா அவசரமாகப் பெயர்சூட்டு விழாவுக்கு அலுவலகத்து ஜப்பானிய அதிகாரியை அழைத்தார்.

"என்னாடா பேரு இது?" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா.

"வசந்த காலத்துப் பிள்ளைன்னு அர்த்தம்க்கா."

"நம்ம ஊருல வெயிலு, மழை ரெண்டுதானேடா? வசந்தம் எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

"மெல்லப் பேசுக்கா."

பதினாறாம் நாள் அதிகாரி வந்தார். மரவள்ளிப் பாயசத்தை இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தார். எங்கள் வழக்கப்படி அத்தைதான் பிள்ளையின் காதில் வெற்றிலையை வைத்து மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அவள் சொல்லி முடித்ததும் அப்பா "ஹருகோ!" என்று உரக்கக் கூவி, இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். அதிகாரி சிரித்தார். ஜப்பானில் அவர் வீட்டுச் சமையற்காரிக்கும் அதே பெயராம்.

அவர் போன பிறகு அடுக்களையில் அம்மாவிடம் அத்தை சொன்னாள்: "நான் காதுல சொன்னது மாரியாயி. தம்பிய சயாமுக்கு அனுப்பலைன்னா உன் பேர வைக்கிறேன்னு அம்மன்கிட்ட வேண்டியிருந்தேன். மழைக்காரி பேரு. இங்க மழையாவது பெய்யுது."

மறுவாரம் உத்தரவு வந்தது. பக்கத்து வரிசை வீட்டுக் கிராணி போனார்.

"பேரு காப்பாத்திருச்சு" என்றார் அப்பா.

"காப்பாத்துச்சு, காப்பாத்துச்சு. எந்தப் பேருன்னு கேளு" என்றாள் அத்தை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த வாரமே அப்பா பதிவு அலுவலகத்துக்கு ஓடி, ஹருகோவை அடித்து விக்டோரியா என்று எழுதவைத்தார். வெற்றி என்று அர்த்தம் சொன்னார்.

"யாருக்குடா வெற்றி?" என்று கேட்டாள் அத்தை.

சயாமுக்குப் போன கிராணி திரும்பவில்லை. அவருடைய தாயார் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கையை மடியில் வைத்துக் கொஞ்சும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அந்தக் கிராணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெயர் வைக்க அவர் வீட்டில் பிள்ளை இல்லை.