நெஞ்சில் ஒரு லோடு

கீழே விழுந்த துவாலையை ஜெயசிங் கால்விரல்களால் கவ்வி எடுக்கிறார். குனிகிற பேச்சே இல்லை. தேநீரையும் நன்றாக ஆறவிட்டுத்தான் குடிக்கிறார். சூடாக ஒரு சொட்டு சிந்திவிட்டால்? திறந்த மார்பில், பாலராமபுரத்து வேட்டியால் இறுக்கிக் கட்டப்பட்டு, தவளை மாதிரி கைகால் மடக்கி அவருடைய மகள் தூங்குகிறாள். வெளியே தெரிவது நீலக் குல்லா மட்டும்.

பாறசாலைச் சந்தையில் ஜெயசிங் சுமட்டுத் தொழிலாளி. ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி நடப்பார். மூட்டையின் காதைப் பிடித்து ஒரு தூக்கு தூக்கினால் போதும், "ரெண்டு கிலோ குறவாக்கும்" என்பார்; தராசும் மறுபேச்சில்லாமல் அதையே காட்டும். தன் கை பொய் சொல்லாது என்பதில் கொஞ்சம் கனம் உண்டு. சுமட்டுக்காரருக்குத் தலைக்கனம் இல்லாமல் இருக்குமா?

கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் பிறந்த பிள்ளை. மனைவி ஜின்சிக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆயிரத்து நானூற்று இருபது கிராம். ஜின்சி எழ முடியாமல் கிடந்த நாட்களில், பிள்ளையைத் தோலோடு தோலாக வைத்துக்கொள்ள நர்ஸ் மினி ஜெயசிங்கைப் பழக்கினார். ஆயிரத்து அறுநூற்றுப் பத்து ஆனதும் கொல்லயில் ஊரிலிருக்கும் வீட்டுக்கு அனுப்பினார்கள். "வீடு வந்தாச்சுல்லா, இனி தொட்டில் போரும்" என்று மூன்று நாள் லாரி இறக்கப் போய்விட்டார் மனிதர்.

அடுத்து எடை பார்க்கப் போனபோது பிள்ளையை உள்ளங்கையில் ஏந்தியதுமே அவர் முகம் செத்துவிட்டது. தராசு பிறகுதான் சொன்னது: பத்து கிராம் குறைவு. ஒரு வாரத்தில் ஏறாவிட்டால் மறுபடியும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் என்றார் டாக்டர்.

அன்று கட்டிய கட்டு இது. ஜின்சி பாலூட்டி, தையல் வலி பொறுக்கும்வரை தன் நெஞ்சில் வைத்திருப்பாள். மற்ற நேரமெல்லாம் இவர்தான். சாய்ந்தபடியே சாப்பாடு, சாய்ந்தபடியே தூக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பவுடர் டப்பாவும் சோப்புமாக வந்தார் பக்கத்து வீட்டு சுகிர்தபாய்.

"மக்கா, பிள்ளைய இஞ்ச தா, ஒருக்கா கையில எடுக்கட்டு. ஆம்பிளைக்கு எதுக்கு இந்த வேல?"

"பாக்கலாம் மாமி, எடுக்கப்பிடாது. இதுக்கு என் உடம்புச் சூடுதான் மருந்து."

மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். மறுநாள் கூட்டாளி அனூப் வாசலில் பைக்கை நிறுத்தினார். "எலே, சிமெண்ட் லாரி வந்து நிக்கு. ஆளில்ல."

"வேற ஆளப் பாரு மக்கா. எனக்கு இஞ்ச லோடு உண்டு."

வாய்தான் இப்படி. அந்த வாரம் முழுக்க மகளைக் கையில் தூக்கி எடை மதிப்பிடவே இல்லை. "கை என்ன சொல்லுமோண்ணு பயமாக்கும் பிள்ளே" என்று ஜின்சியிடம் மட்டும் சொன்னார்.

டாக்டர் சொன்ன வியாழக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரியில் துணியை அவிழ்த்து, நாப்பியையும் கழற்றி, மகளை உள்ளங்கையில் ஏந்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கை என்ன சொல்லுது சேட்டா?" என்றார் மினி.

"ஆயிரத்து எழுநூத்தி எண்பது. எழுதிக்கிடுங்க சிஸ்டர்."

மினி தராசைச் சரிசெய்யும்வரை குளிராமல் இருக்க மறுபடியும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். பிறகு மெல்ல இறக்கி வைத்தார். ஆயிரத்து எழுநூற்று எழுபது.

ஜின்சி அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஏறியாச்சு! ஆனா பத்து கிராம் குறவு. சேட்டனுக்க கையும் பொய் சொல்லுமோ?" என்று சீண்டினார் மினி.

மகள் சற்றுமுன் ஒன்றுக்குப் போனது தொப்புள்வரை வடிந்துகொண்டிருந்த தன் நெஞ்சை ஜெயசிங் தொட்டுக் காட்டினார்.