ஒரு குளிர்காலம் கண்ட ஆடு

2008இல் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்ச் சிதம்பரத்தில் விலங்கியல் படித்தேன். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரி மாறாமல் எழுதுவதுதான் எங்கள் கல்லூரி வழக்கம். அதில் 'கைமீரா' என்ற மீனின் பெயருக்கு ராட்சசன் என்று பொருள் இருந்தது. சிங்கத் தலையும் ஆட்டு உடலும் பாம்பு வாலும் கொண்ட கிரேக்கப் புராண மிருகத்துக்கும் அதே பெயர். நூலகத்து அகராதியில் தேடினேன். அந்தப் பெயருக்கு மூலப்பொருள் பெட்டை ஆடு, அதுவும் ஒரே ஒரு குளிர்காலம் கண்ட ஆடு. அப்படியே எழுதினேன்.

பேராசிரியர் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டார்.

"ஆடு மேய்க்கிற ஊட்டுலேருந்து வந்தா எல்லாம் ஆடாத்தான் தெரியும்."

வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் ஆடுகள் இருந்தது உண்மைதான். அவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த ஆளின் திமிர் கிடையாது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பெயருக்குப் பொருள் கேட்டார். மற்றவர்கள் ராட்சசன் என்றார்கள். நான் ஆடு என்றேன்.

"சரியா சொன்ன. யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றார் தேர்வாளர்.

"நான்தான் சார்" என்று பேராசிரியர் முந்திக்கொண்டார்.

என் ரெக்கார்டு நோட்டில் சிவப்புக் கோடு போட்டிருந்த பக்கத்தை எடுத்துத் தேர்வாளர் முன்னால் விரித்து வைத்தேன்.